அலாஸ்காவும் ஒரு 'பிறகு'வும்

சட்டத்தில் எழுதியிருப்பதை மட்டுமல்ல, முடிவு செய்யாமல் விட்டதையும் படியுங்கள் என்று வரலாற்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். அதற்கு நல்ல உதாரணம் அலாஸ்கா.

1960-ல் ஐசனோவர் ஆட்சியில் அதன் வடகிழக்கு மூலை வனவிலங்குகளுக்கென ஒதுக்கப்பட்டது. 1968-ல் அதற்கு மேற்கே ப்ரூடோ விரிகுடாவில் பெரும் எண்ணெய் வளம் கிடைத்தது. 1980-ல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் சரணாலயத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கியது. ஆனால் அதன் 1002-ஆம் பிரிவு, கடலோரச் சமவெளியில் சுமார் 15 லட்சம் ஏக்கரைத் தனியே வைத்தது. அங்கே எண்ணெய் எடுப்பதா என்பதை நாடாளுமன்றம் பிறகு முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது.

அந்தப் 'பிறகு' 40 ஆண்டுகளுக்கு மேல் நீண்டுவிட்டது. 1995-ல் நாடாளுமன்றம் அனுமதித்தது, கிளின்டன் தடுத்தார். 2017-ல் வரிச் சட்டத்தோடு சேர்த்து அனுமதி வந்தது. 2021 ஏலத்துக்குப் பெரிய எண்ணெய் நிறுவனம் எதுவும் வரவில்லை. 2025 ஜனவரியில் ஏலம் கேட்க ஒருவருமே இல்லை. ஆனாலும் அதே ஜூலையில், மேலும் 4 ஏலம் விடச் சொல்லி புதிய சட்டம்!

காரிபூ மான்களை நம்பி வாழும் குவிச்சின் பழங்குடியினருக்கு, அவை கன்று ஈனும் அந்தச் சமவெளி புனிதமானது. 1988-ல் ஒன்றுகூடி எதிர்க்க முடிவெடுத்தார்கள். சமவெளியிலேயே உள்ள காக்டோவிக் ஊரின் இனுபியாட் மக்களில் பலரோ ஆதரிக்கிறார்கள். பள்ளிக்கூடமும் மருத்துவ வசதியும் குழாய்த் தண்ணீரும் எண்ணெய் வருவாயில் வந்தவை என்கிறார்கள்.

இரு தரப்பையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் தங்கள் நிலத்தின் கதி என்னவென்று வாஷிங்டனைப் பார்த்துக் காத்திருப்பது அவர்கள்தானே? உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.