பாதிரிப்பூவும் புத்தோடும்: வேனிற்பகல் நறுமண மரபு – ஒரு வரலாற்று நோக்கு

நறுமணப் பொருள்களைப் பருவமும் பொழுதும் நோக்கிப் பகுத்து விற்பது இன்றைய வணிக வழக்கம். வெயிற்காலப் பகலுக்கு இலேசான பூமணம் என்றும், குளிர்கால இரவுக்குக் கனத்த மரமணமும் பிசின்மணமும் என்றும் அவை பிரித்துரைக்கப்படுகின்றன. இப்பகுப்பினை மேனாட்டு வணிகர்தம் புத்தாக்கமாகக் கொள்வோர் பலர். அக்கொள்கை திருத்தத்திற்குரியது. தமிழில் இப்பகுப்பு நெடுநல்வாடையளவு பழமையுடையது. அன்றியும், வேனிற்பகலுக்குரிய பூமணம் எப்பொருளில் எவ்வாறு ஏற்றப்பட்டது என்பதை அறிந்தாலன்றி நாலடியார்ப் பாடல் ஒன்றன் உவமை முழுமையாக விளங்காது. அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூதிர் உணர்த்தும் வேனில்

நெடுநல்வாடை கூதிர்காலத்தைப் பாடுவது. அதில் வடபுலத்தார் கொணர்ந்த சந்தனம் அரைக்கும் வட்டக்கல்லும் தென்புலத்துச் சந்தனமும் பயன்படுத்துவாரின்றிக் கிடக்கின்றன. விசிறிகள் சுருக்கப்பட்டுத் தொங்குகின்றன. அவற்றின்மேல் சிலந்தி நூல் இழைத்திருக்கிறது. மகளிர் மாலை சூடாது சில மலர்களையே கூந்தலில் முடிக்க விரும்பி, தகர விறகில் நெருப்பமைத்து அகிலும் அயிரும் புகைக்கின்றனர்.

புலவர் இங்குச் சொல்ல வந்தது குளிரை. ஆயினும் குளிர்காலத்தில் எவை கைவிடப்பட்டன என்று சொல்வதன்வாயிலாக வேனிற்காலப் பொருள்களின் பட்டியலையும் அவர் தந்துவிடுகிறார். சந்தனக் குழம்பு, மாலை, விசிறி ஆகியன வேனிலுக்கு உரியவை; புகை கூதிருக்கு உரியது. முன்னவை ஈரமும் தண்மையும் தழுவியவை. பின்னது நெருப்பைத் தழுவியது. மணத்தின் வகையைக் காட்டிலும் அது ஏறிவரும் ஊடகமே பருவத்தைத் தீர்மானித்தது எனலாம்.

இனி, பூமணத்தைப் பிடித்துவைப்பதில் உள்ள இடர்ப்பாடு ஒன்றுண்டு. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரு ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலை நனைக்கிறாள். ஐந்து விரையாவன கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பது அடியார்க்கு நல்லார் உரையால் விளங்கும். வேர், பிசின், கட்டை என அமைந்த இவ்வைந்தனுள் ஒன்றுகூடப் பூவன்று. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத்சம்கிதையில் நறுமணக் கலவைக்கெனத் தனி இயலே வகுத்தவர். பதினாறு பொருள்களைப் பல்வேறு அளவில் கூட்டுவதால் 1,74,720 மணங்கள் பிறக்கும் எனக் கணக்கிட்டுக் காட்டுபவரும் அவரே. செண்பகம், மகிழம் முதலிய பூக்களின் மணத்தை வேறு சரக்குகளின் கூட்டால் உண்டாக்கும் முறைகளும் அவ்வியலில் உள்ளன. பூவின் மணத்தைப் பூவின்றிச் செய்ய வேண்டியிருந்தமைக்குக் காரணம் வெளிப்படை. கட்டையும் பிசினும் ஆண்டுக்கணக்கில் மணம் காக்கும். பூவோ மாலைக்குள் வாடும்.

புத்தோடு

இவ்விடர்ப்பாட்டுக்குத் தீர்வாக அமைந்தது பாதிரி நீர். பாதிரி வேனிலில் பூக்கும் மரம். தாவரவியலார் இதனை ஸ்டீரியோஸ்பெர்மம் என்னும் பேரினத்துள் அடக்குவர். குறுந்தொகை 147ஆம் பாடல் இதன் வளைந்த மலரை வேனிலோடு சார்த்திச் சொல்கிறது. மென்மயிர் ஒழுகிய தலைவியின் மேனிக்கு அஃது உவமையாகிறது. பெரும்பாணாற்றுப்படை பாதிரி மலரைப் பிளந்தால் தோன்றும் உட்புறத்தை யாழின் தோற்போர்வைக்கு உவமை கூறும். இவ்விரு புலவரும் மலரின் வடிவையும் நிறத்தையுமே நுணுகி நோக்கினர். குறிஞ்சிப்பாட்டின் பூவடுக்கிலே அது தேன் கமழும் மலராகச் சுட்டப்படுகிறது.

நாலடியாரில் கல்வி அதிகாரத்தின்கண் அமைந்த 139ஆம் பாடல் இம்மலரை வேறொரு நிலையில் காட்டுகிறது. கல்லாதவரும் கற்றாரைச் சேர்ந்தொழுகினால் நாளும் நல்லறிவு பெறுவர் என்பது அதன் கருத்து. பாதிரிப்பூவைச் சேர்ந்த புத்தோடு தண்ணீருக்குத் தான் மணம் பயப்பது போல என்பது உவமை. பாடலில் மணம் என்னும் பொருள்தரும் சொல் ஒன்றேனும் இல்லை. பூவுக்குத் தரப்பட்ட அடையும் நிறத்தைப் பற்றியதே. மணத்தை வெளிப்படக் கூறாமலே உவமை விளங்கிற்று என்றால், புதுப்பானையில் பாதிரிப்பூவை இட்டு நீருக்கு மணமூட்டும் வழக்கம் கேட்டோர் அனைவர் வீட்டிலும் இருந்திருத்தல் வேண்டும்.

இப்பாடலை விளக்குவோர் பூவைக் கற்றாராகவும் ஓட்டைக் கல்லாதாராகவும் கொண்டு அவ்வளவில் நிறுத்திவிடுவதுண்டு. நீர் அங்கே வாளா நிற்கும் பொருளாகிவிடுகிறது. செய்முறையை உளங்கொண்டு நோக்கின் மூன்றாவது உறுப்பாகிய நீருக்கும் இடமுண்டு என்பது புலப்படும். சுட்ட மண்ணில் நுண்துளைகள் நிறைந்துள்ளன. புதிய பானையில் அவை அடைபடாமல் இருப்பதால் மணத்தை எளிதில் ஏற்கும். ஏற்றதை நீருக்கு விடுக்கும். பழகிய பானைக்கு அவ்வியல்பு குறைவு. புத்தோடு எனப் புலவர் புதுமையை அடையாக்கியது இதனாலேயே எனக் கொள்வது பொருந்தும். ஆகவே கல்லாதவன் கற்றாரிடமிருந்து பெறுகிறான் என்பது பாடற்பொருளின் ஒரு பாதியே. பெற்றவன் தன்னை வந்தடைவார்க்குத் தானே கொடுப்பவனும் ஆகிறான் என்பது மறுபாதி. ‘தான்’ என்னும் சொல் வெறும் அசையன்று.

பாதிரி நீர் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் முதுவேனில் ஒழுக்கம் கூறுமிடத்துப் புதிய மட்கலத்தில் வைத்த பானகத்தையும், அதனையடுத்துப் பாதிரி மணமூட்டிக் கருப்பூரம் சேர்த்த குளிர்ந்த நீரையும் விதிக்கிறது. பனிக்காலத்திற்கு அந்நூல் சொல்வன குங்குமப்பூவும் அகிற்புகையும். நெடுநல்வாடை காட்டும் அதே பகுப்பினை மருத்துவ நூலும் காட்டுவது கருதத்தக்கது. காளிதாசனும் சாகுந்தலத்தின் தொடக்கத்தில் வேனிற்பகலைச் சொல்லும்போது நீராடலின் இன்பத்தையும் பாதிரி மணம் தோய்ந்த காற்றையும் இணைத்தே சொல்கிறான். பருகவும், ஆடவும், காற்றில் கலந்து வரவும் உரியதாக வேனில் மணம் விளங்கியது. மேனியில் பூசுவதனை மட்டுமே நறுமணம் எனக் கொள்ளும் இற்றைநாள் வரையறை இதற்குப் போதாது.

பாதிரியின் பெயரால் வடக்கே பாடலிபுத்திரமும் தெற்கே திருப்பாதிரிப்புலியூரும் வழங்கின. கி.பி. 458இல் சர்வநந்தி என்னும் சமண முனிவர் உலோகவிபாகத்தை எழுதி முடித்த பாடலிகை இப்பாதிரிப்புலியூரே என்பர். நாலடியாரும் சமண முனிவர் பாடிய பாடல்களின் தொகுப்பு என்பது மரபு. இவ்விரண்டையும் ஒன்றாக முடிச்சிட்டு, உவமை பிறந்த ஊர் இதுவே எனத் துணிவது மிகையாகும்.

பனிநீரும் பன்னீரும்

பாதிரி நீரின் குறை அதன் ஆயுள். அது வைத்து விற்கும் சரக்காதல் அரிது. மலரை வாலையிலிட்டு வடிக்கும் தொழில் பெருகிய பின்னரே பூமணம் கலமேறிக் கடல் கடந்தது. 9ஆம் நூற்றாண்டினரான அல்-கிந்தியின் பெயரால் வழங்கும் நறுமண நூலொன்று வடித்தல் முறைகளை விரித்துரைக்கிறது. பாரசீகத்தின் சூர் நகரத்துப் பன்னீர் இந்தியா, சீனம் வரை சென்றதை 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல் குறித்துள்ளார்.

வந்த பொருளுக்குத் தமிழர் வைத்த பெயர் நோக்கத்தக்கது. பாரசீகத்தில் அதன் பெயர் பூவையும் நீரையும் இணைத்தது: குலாப். தமிழிலோ பனிநீர், அதுவே பன்னீராயிற்று. பெயரில் பூவும் இல்லை, மணமும் இல்லை. தண்மை ஒன்றே உள்ளது. மலையாளத்தில் ரோசாவே பனிநீர்ப்பூ என வழங்குகிறது. நீரிலிருந்து பூ பெயர் பெற்ற விந்தை இது. வேனிலுக்கு உரியது எனும் கண்கொண்டே அப்புதுப்பொருளை மக்கள் ஏற்றனர் என்பதற்கு இப்பெயரே சான்று. ஆனால் குளிர்ந்த நீர், பனித்துளி என்னும் பொருளில் பனிநீர் என்பது இயல்பாகவே அமையக்கூடிய தொடர். ஆதலின் பழம்பாடல்களில் அதனைக் காணுமிடமெல்லாம் வடித்த பன்னீர் எனப் பொருள்கொண்டு, வாலைத்தொழில் சங்ககாலத்தது என வாதிடுதல் காலவழுவாகும். தமிழின் பழமைக்கு அத்தகைய துணை வேண்டுவதில்லை.

இன்று தைத் திங்கள் வைகறையில் நடக்கும் திருமணத்திலும் பன்னீர்ச் செம்பு வாயிலில் நிற்கிறது. குளிரில் நடுங்குவார்மீதும் பன்னீர் தெளிக்கப்படுகிறது. பருவம் மறைந்து சடங்கு எஞ்சியது.

கன்னோசி

பருவப் பகுப்பு மறையாது நின்ற இடம் உத்தரப்பிரதேசத்துக் கன்னோசி. அங்குள்ள அத்தர் வணிகர் ரோசா, மல்லிகை, தாழை, வெட்டிவேர் ஆகியவற்றின் அத்தரை வெயிற்காலத்திற்கும், மருதாணியும் பல சரக்குகளும் கூட்டிய ‘ஹினா’, ‘ஷமாமா’ ஆகியவற்றைக் குளிர்காலத்திற்கும் உரியனவாகச் சொல்வர். செம்பாலான ‘தேக்’ என்னும் வாலையில் பூவும் நீரும் இட்டு வாயை மண்ணால் பூசி அடைத்துச் சூடேற்றுவர். ஆவி மூங்கிற்குழல் வழியே தண்ணீரில் அமர்ந்த ‘பப்கா’ என்னும் கலத்தை அடையும். அக்கலத்தில் முன்னரே சந்தன எண்ணெய் நிற்கும். வந்த மணத்தை அதுவே பற்றிக்கொள்ளும். அந்தச் சந்தனம் பெரும்பாலும் தெற்கிலிருந்து சென்றது. மைசூரில் 1916இல் அரசு சந்தன எண்ணெய் ஆலை நிறுவப்பட்டது. வடவர் கல்லில் தென்புலச் சாந்து அரைபட்ட நெடுநல்வாடைக் காட்சியின் மற்றொரு வடிவம் இது. சந்தனம் அரிதாகி விலையேறிய பின்னர் நீர்மப் பாரபின் பல வாலைகளில் அதனிடத்தைப் பிடித்தது. நாட்பட நிற்கும் நயம் அதற்கில்லை.

அவ்வூரில் ‘மிட்டி அத்தர்’ என ஒன்றும் வடிக்கப்படுகிறது. அதற்குப் பூ வேண்டுவதில்லை. சுட்ட மண்ணையே வாலையிலிட்டுக் காய்ச்சுவர். முதல் மழை பட்ட நிலத்தின் மணம் எனப் பெயர் பெற்ற அதனை முகர்வார்க்கு, நீர் வார்த்த புதுப்பானையின் மணமும் அதுவே என்பது தெரியும். நாலடியாரின் புத்தோடு பாதிரி மணத்தோடு தன் மணத்தையும் அந்நீருக்குத் தந்திருக்கும்.