ஆணி அறையாத படகு

புதுப்பட்டினத்துக் கடற்கரையிலே நின்று கிழக்கே பாருங்கள். கப்பல் ஒதுங்க ஒரு குடா உண்டா? இல்லை. அலையைத் தடுக்க ஒரு பாறைத் தொடர் உண்டா? இல்லை. சற்றுத் தெற்கே பாலாறு கடலைச் சேருகிறது; ஆனால் அதன் வாயை மணல் மூடிக்கொள்கிறது. நேரே கடல், நேரே கரை! இரண்டுக்கும் இடையே வரிசை வரிசையாக எழுந்து, நுரைத்து, முறிந்து விழும் அலை!

இந்தக் கரையிலேதான் வணிகம் நடந்தது. பக்கத்து ஊராம் சதுரங்கப்பட்டினத்திலே டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டிலே வந்து அமர்ந்தனர், கோட்டை கட்டினர், மெல்லிய துணிகளை மூட்டை மூட்டையாக வாங்கி ஏற்றுமதி செய்தனர். அந்தக் கோட்டையின் இடிபாடுகளையும், உள்ளே புதைந்த டச்சுக்காரரின் கல்லறைகளையும் இன்றும் காணலாம். கல்லறைக்குக் கல் உண்டு. கல்லிலே பெயர் உண்டு. ஆனால் அந்தத் துணி மூட்டைகளை நனையாமல் கப்பலிலே சேர்த்தவர் யார்? சேர்த்த படகு எது? அதன் பலகைக்கும் பலகைக்கும் இடையே நீர் புகாமல் அடைத்த கை எவருடைய கை? இவற்றைச் சொல்ல அங்கே ஒரு கல்லும் இல்லை.

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

கப்பல்கள் அலைமுறிவுக்கு அப்பால், ஆழம் உள்ள இடத்திலே நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஐரோப்பியர் தம் கப்பலோடு கொண்டுவந்த சிறு படகுகளோ, ஓக் மரத்தால் ஆனவை, இரும்பாணி அறைந்தவை, கீல் பூசியவை. உறுதியானவை! ஆனால் அந்த உறுதியே அவற்றுக்கு எமனாயிற்று. அலை தூக்கி மணல் திட்டின்மீது அறைந்ததும், வளையத் தெரியாத பலகை பிளந்தது, ஆணித்துளை விரிந்தது, மூட்டுவாயிலே திணித்த நார் கழன்றது, படகு நிறைந்தது. ஆகவே கடலை ஆள வந்தவர்கள், கடைசி ஒரு கல் தொலைவைக் கடக்க, கரையிலிருந்த மீனவரின் படகை வேண்டி நின்றனர்.

அந்தப் படகுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் மசூலா. புதுச்சேரிப் பக்கத்திலே சலங்கு என்றனர். சென்னையிலே ஆங்கிலக் கம்பெனி 1639இல் இடம் பெற்ற நாளிலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் உருப்பெறும் வரை, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம், கவர்னரானாலும் சரி, கழுதையானாலும் சரி, கரையேற இந்தப் படகே கதி. 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881இல் அடித்த புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தது. கல்லால் கட்டியது கலைந்த பின்னும், கயிற்றால் தைத்த படகு தன் பணியை நிறுத்தவில்லை.

கயிற்றால் தைத்த படகா? ஆம், அதுதான் வியப்பு. அதிலே ஓர் ஆணியும் இல்லை.

1669 முதல் 1679 வரை வங்கக் கடலோரத்திலே உலவிய தாமஸ் பௌரி என்னும் ஆங்கில மாலுமி இதைக் கண்டு எழுதி வைத்தார். அகன்ற மெல்லிய பலகைகள். அவற்றைப் பிணைப்பது தேங்காய் நார்க்கயிறு. பக்கங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைத் தவிர உள்ளே விலாச்சட்டம் ஏதுமில்லை. அலை மோதினாலும் தரை தட்டினாலும் படகு வளைந்து கொடுக்கிறது என்று அவர் குறித்தார். 1834இல் திருகோணமலைக் கப்பல் தளத்தின் தலைமைக் கப்பற்கட்டுநர் ஜான் எடை, அளவோடு எழுதினார்: நீளம் 30 முதல் 35 அடி, அகலம் 10 முதல் 11 அடி, ஆழம் 7 முதல் 8 அடி. 1920இல் சென்னை மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வகைகளை ஆராய்ந்து நூல் எழுதியபோது, இந்தத் தைத்த படகையும் ஆராய்ந்தார்.

சரி, தைத்தால் தையல் வழியே நீர் வராதா? அங்கேதான் கைத்திறன் இருக்கிறது.

பலகையின் ஓரத்தை ஒட்டி வரிசையாகத் துளையிடுவர். இரு பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்துவர். பொருந்திய வாயின் மேலே, உட்புறமாக, வைக்கோலையோ தேங்காய் நாரையோ திரட்டி நீள நெடுகக் கிடத்துவர். பிறகு கயிற்றைத் துளைக்குத் துளை குறுக்கும் நெடுக்குமாக, அந்தத் திரணையின் மேலே இழுத்து இறுக்கித் தைப்பர். கயிறு திரணையை அமுக்கும்; திரணை மூட்டுவாயை அமுக்கும். படகு நீரிலே இறங்கியதும் நார் ஊறும், ஊறினால் உப்பும், உப்பினால் இன்னும் நெருக்கமாக வாயை அடைக்கும். நீரைத் தடுக்க நீரையே துணைக்கு அழைத்த அறிவு அது!

ஆணி அறைந்த கப்பலிலே வழி வேறு. பஞ்சையோ நாரையோ எண்ணெய் தோய்த்துத் திரித்து, உளியும் சுத்தியும் கொண்டு பலகைச் சந்திலே செருகி அறைவர். மேலே குங்கிலியமோ கீலோ பூசுவர். இதற்குக் கலப்பத்து என்று பெயர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய் விரித்துச் சென்ற பெருந்தோணிகள் இந்த வேலையால் மிதந்தவை. கீழைக்கடலில் ஓடிய கப்பல்களைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மர எண்ணெயில் இடித்துப் பூசினர் என்று சொல்கிறார். ஆழ்கடலிலே செல்லும் கப்பலுக்கு அது ஏற்றது. சந்திலே அறைந்த நார் நிலைத்து நிற்க வேண்டுமானால், பலகை அசையக் கூடாது. கரையலையிலே ஆடும் படகின் பலகையோ அசைந்தே தீர வேண்டும். அசையும் மூட்டுக்கு அசையும் அடைப்பு! அதனால்தான் இங்கே நாரைச் சந்துக்குள் அறையவில்லை. சந்தின் மேலே வைத்துத் தைத்தார்கள்.

சிறிது நீர் கசியத்தான் செய்யும். அதை இறைத்துக் கொட்டினர். தையல் நைந்தால், பிரித்து, பலகையைப் பார்த்து, மீண்டும் தைத்தனர். துருப்பிடிக்க இரும்பில்லை, உப்புநீரிலே தேங்காய் நாருக்கு இணையான நார் எளிதிலே கிடைப்பதில்லை. கட்டுமரமோ இன்னும் எளிது: மரத்தோடு மரத்தைக் கட்டியது, நீர் புகுந்த வழியே வெளியேறும், அங்கே அடைக்கவே ஒன்றுமில்லை. எங்கே அடைக்க வேண்டும், எங்கே அடைக்க வேண்டியதில்லை என்பது வரை எண்ணிப் பார்த்தவர்கள் இவர்கள்.

இப்போது ஏட்டுப் புலமையின் பக்கம் திரும்புவோம். ஏன் ஆணி இல்லை என்ற கேள்விக்கு அங்கே என்ன விடை? போசராசன் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்ற வடமொழி நூல் சொல்கிறது: கடலுக்கடியிலே காந்தப் பாறைகள் உண்டு, அவை இரும்பை இழுத்துக் கப்பலைக் கவிழ்த்துவிடும், ஆகவே பலகைகளை இரும்பால் பிணைக்கலாகாது! போசன் 11ஆம் நூற்றாண்டினன். அவனுக்கு ஐந்து நூற்றாண்டு முன்பே, 6ஆம் நூற்றாண்டிலே, புரோக்கோப்பியஸ் என்ற கிழக்கு ரோம வரலாற்றாசிரியர் இதே காந்தக் கதையைக் கேட்டார். ஒரு கேள்வியால் அதை வீழ்த்தினார். இரும்பு பூட்டிய ரோமக் கப்பல்கள் செங்கடலிலே தடையின்றி ஓடுகின்றனவே, அவற்றைப் பாறை ஏன் இழுக்கவில்லை?

ஆனால் அவர் தந்த மாற்று விடையும் நமக்குப் பொருந்தாது. இந்த மக்களிடம் இரும்பு இல்லை, அதனால் தைத்தனர் என்றார் அவர். தமிழகத்திலா இரும்பு இல்லை? ஆதிச்சநல்லூரின் புதைகுழிகளிலே இரும்புக் கருவிகள் கிடைத்தன. கொடுமணலிலே இரும்பை உருக்கிய உலைகளே கிடைத்தன. இரும்பு இருந்தது, கொல்லர் இருந்தனர், ஆணி அடிக்கத் தெரியாமல் இல்லை. இந்தக் கரையிலே ஆணி கூடாது என்று தெரிந்திருந்தது! இல்லாமையால் வந்த வழக்கமல்ல. அச்சத்தால் வந்த தடையுமல்ல. ஆய்ந்து, ஒப்பிட்டு, தேர்ந்து கொண்ட முறை.

காந்த மலையை எழுதியவர் கரையிலே நின்று ஒரு பரதவரைக் கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஏன் கேட்கவில்லை? போதாயன தர்ம சூத்திரம், சாதியிலிருந்து வீழ்த்தும் பாவங்களை வரிசைப்படுத்தும் இடத்திலே, கடற்பயணத்தைச் சேர்த்திருக்கிறது. கடலேறுவதே குற்றமென்றால், கடலேறுபவனிடம் பாடம் கேட்பது எப்படி? எழுதத் தெரிந்தவன் கடலை வெறுத்தான். கடலைத் தெரிந்தவனுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. இடையிலே விழுந்த பள்ளத்திலேதான் நமது கைத்தொழில் அறிவின் பெரும்பகுதி மூழ்கிப் போயிற்று. நமது படகைப் பற்றி நாமே அறிய, பௌரியையும் எடையையும் ஹார்னெலையும் புரட்ட வேண்டியிருக்கிறதே, இது பெருமையா?

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2025ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், கார்வார் கடற்படைத் தளத்திலே கௌண்டின்யா என்ற தைத்த கப்பல் இந்தியக் கடற்படையிலே சேர்க்கப்பட்டது. பலகைகளை நார்க்கயிற்றால் தைத்து, தேங்காய் நாரும் இயற்கைப் பிசினும் கொண்டு மூட்டுவாய் அடைத்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள். அவர்தம் தலைவர் பாபு சங்கரன் பெயரை அரசு அறிக்கையிலே குறித்தார்கள். வரவேற்கத்தக்க புது வழக்கம்! ஆனால் கப்பலின் வடிவத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? பழைய வரைபடம் ஒன்றும் எஞ்சவில்லை. 5ஆம் நூற்றாண்டு அஜந்தா ஓவியம் ஒன்றைப் பார்த்து உய்த்துணர்ந்தனர். அது மிதக்குமா, பாய்க்கு ஈடு கொடுக்குமா என்பதைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் மாதிரி செய்து ஆராய்ந்து சொன்னார்கள். அந்தக் கழகம் இருக்கும் நகரத்தின் கரையிலே, நூற்றாண்டுக் கணக்கில் தைத்த படகுகள் ஓடின. தைத்தவர்களின் சொல்லை யாரேனும் ஏட்டிலே ஏற்றியிருந்தால், இத்தனை ஊகம் தேவைப்பட்டிருக்குமா?

புதுப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரை உள்ள குப்பங்களிலே இன்று கண்ணாடியிழைப் படகுகள் நிற்கின்றன. 2004 திசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை மரங்களை அள்ளிச் சென்ற பின், அந்த மாற்றம் விரைந்து முடிந்தது. மாற்றத்தைப் பழிப்பதற்கில்லை. எஞ்சின் பூட்டிய படகு உழைப்பைக் குறைக்கிறது, உயிரைக் காக்கிறது. மீனவனின் மகன் பழைய தையலுக்கே திரும்ப வேண்டும் என்று சொல்வது அறிவுடைமை ஆகாது. அவன் பொறியியல் படிக்கட்டும். கப்பல் கட்டும் கலை படிக்கட்டும்.

ஆனால் அவன் படிக்கும் பாடநூலிலே, வளையும் மூட்டு, ஊறி அடைக்கும் நார் என்ற பக்கம் வரும்போது, இதைக் கண்டவர்கள் என் பாட்டனும் பூட்டனும் என்று அவன் தலைநிமிர வேண்டாமா? குப்பத்து முதியவர்களிடையே, எந்த நார், எத்தனை புரி, எந்த முடிச்சு என்று கேள்வியால் அறிந்தவர்களேனும் இருக்கக்கூடும். அவர்களிடம் தாளும் எழுதுகோலும் கொண்டு செல்வது, படித்த இளைஞர் செய்யக்கூடிய பணி. ஒரு விடுமுறையிலே தொடங்கக்கூடிய பணி. காந்த மலைக் கதை ஆயிரம் ஆண்டாக ஏட்டிலே இருக்கிறது. கயிறு தைத்த கையின் கதைக்கு ஒரு குறிப்பேடாவது வேண்டும்.