சந்தனத்தின் வேரடி மண்

மரம் வெட்டுதல் என்றதும் அடிமரத்தில் கோடரி விழும் காட்சியே நம் மனத்தில் எழுகிறது. சந்தனத்தின் கதை வேறு. அதன் எண்ணெய் வேரில்தான் மிகுதி என்பதால், அதை வேரோடு அகழ்ந்தே எடுப்பார்கள். ஜமுனாமரத்தூரை நடுவாகக் கொண்ட ஜவ்வாது மலைக்காடுகளிலும் முறை இதுவே. கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் வேரடி மண்ணை அகற்றி, பக்க வேர்கள் ஓடும் வழியெல்லாம் பின்தொடர்ந்து தோண்டுவார்கள். பின் வெளிப்பகுதியைச் செதுக்கி, வைரத்தைத் தரம் பிரிப்பார்கள். மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கும் ஏலமும் அதனால் பெயர் பெற்றன.

மண்ணை அகற்றியவர்களில் வேறொரு வகையினரும் உண்டு. அவர்கள் வேரை எடுக்க வந்தவர்கள் அல்லர், பார்க்க வந்தவர்கள். சந்தனம் அயல் மரங்களின் வேர்களைப் பற்றி உணவு பெறும் அரை ஒட்டுண்ணி என்பதை 1871-இல் ஜான் ஸ்காட் கண்டறிந்தார். சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக இருந்த சி.ஏ. பார்பர், அந்த உறிஞ்சு வேர்களின் அமைப்பை நுணுகி ஆராய்ந்து 1906, 1907-ஆம் ஆண்டுகளில் எழுதினார். பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சிக்குப் புகழ் சேர்த்தவரும் இவரே. சிறு குமிழ் போன்ற இவ்விணைப்புகள் மண்ணுக்குள் மறைந்திருப்பவை. கடப்பாரை முனையில் எளிதில் அறுபடுபவையும் இவையே.

வேரைக் காயப்படுத்தாமல் மண்ணை மட்டும் நீக்க இன்று ஒரு வழி உண்டு. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றை, ஒலியினும் விரைந்து பாயும்படி, குறுகிய முனை வழியே செலுத்துகிறார்கள். மண்ணின் நுண்துளைகளில் புகுந்த காற்று விரிந்து கட்டிகளை உடைக்கிறது. துளையற்ற வேர் தாங்கி நிற்கிறது. 1990-கள் முதல் மேலை நாட்டு மரப் பராமரிப்பாளர்கள் இதனால் இறுகிய மண்ணை இளக்கி, அடிமரத்தைச் சுற்றி நெரிக்கும் வேர்களைக் கண்டு திருத்துகிறார்கள். திறந்த நுண்வேர்கள் உலர்ந்துவிடாமல் ஈரம் காப்பதும் அவ்வேலையில் சேர்ந்ததே. மண்ணை அகற்றுவது மரத்தின் முடிவாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

ஆனால் சந்தனத்தைக் காக்கக் கருவி மட்டும் போதாது. மைசூரில் திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார் என்பர். பின்வந்த வனச் சட்டங்களின் போக்கும் ஏறத்தாழ அதுவே. மலையில் தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் கொல்லையில் தானாக முளைத்த சந்தனத்தையும் தம் விருப்பப்படி வெட்டி விற்க இயலாது. தன்னுடையது என்று சொல்ல முடியாத மரத்தை யார் காவல் காப்பார்? 1998-இல் சந்தனம் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இடம்பெற்றது.

நிலம் யாருடையதோ, மரமும் அவருடையதே எனத் தமிழ்நாடு சட்டம் திருத்தியது 2002-இல். வெட்டுவதும் விற்பதும் அதன் பின்னும் வனத்துறை வழியாகத்தான்.

சந்தனக் கன்று நடுவோர் பக்கத்தில் ஒரு துவரைச் செடியையும் வைக்கிறார்கள். அயல் வேரின்றி இம்மரம் வாழாது என்பதை 1871-இலேயே அறிந்துவிட்டோம். அயலில் வாழும் மனிதரின்றியும் வாழாது என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள மேலும் 131 ஆண்டுகள் ஆயின.