பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் கூட்டு முயற்சிகள்

சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவில் பெரும்பாலும் அரசுப் பணத்தில், குறைந்த கட்டணத்தில் நடக்கும் உள்ளூர்க் கல்லூரி. இரண்டாண்டுப் பட்டமும் குறுகியகாலத் தொழிற்படிப்புகளும் இங்கே கிடைக்கும். பள்ளிப்படிப்பை முடித்த எவரும் பொதுவாகச் சேரலாம். இரண்டு ஆண்டு படித்தவர் விரும்பினால் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிக்கொள்ளலாம். இந்தக் கல்லூரிகளின் வரலாறு ஏறத்தாழ முழுவதுமே கூட்டு முயற்சிகளின் வரலாறுதான். முதல் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம்கூட இருக்கவில்லை.

ஜோலியட்டில் ஆறு மாணவர்கள்

சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள ஜோலியட் என்ற தொழில்நகரில், 1901-ஆம் ஆண்டு, உயர்நிலைப் பள்ளி ஒன்றின் கட்டடத்துக்குள்ளேயே கல்லூரி வகுப்பு தொடங்கியது. சேர்ந்தவர்கள் ஆறு பேர். பள்ளியின் கண்காணிப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் பேசி ஏற்படுத்திய ஏற்பாடு இது. இன்றும் இயங்கும் ஜோலியட் ஜூனியர் கல்லூரி இப்படித்தான் பிறந்தது.

இருவரின் நோக்கமும் ஒன்றாக இருக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே மேலே படிக்கவேண்டும் என்பது பிரவுனின் விருப்பம். பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகள் பள்ளிப் படிப்பின் தொடர்ச்சியே, அதை வேறிடத்தில் முடித்துவிட்டு வந்தால் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியில் கவனம் செலுத்தலாம் என்பது ஹார்ப்பரின் எண்ணம். ஆகவே இதை முழுக்க ஏழை மாணவர் நலனுக்கான திட்டம் என்று புகழ்வது மிகை. ஆனால் ஜோலியட்டில் படித்ததைச் சிகாகோ பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதி இருந்தது. அந்த ஓர் உறுதி இல்லாவிட்டால் இது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இன்னும் இரண்டு ஆண்டு பள்ளியில் உட்கார்ந்ததாகவே முடிந்திருக்கும்.

1907-இல் கலிபோர்னியா மாநிலம் உயர்நிலைப் பள்ளிகள் இத்தகைய வகுப்புகளை நடத்தச் சட்டப்படி அனுமதித்தது. 1910-இல் ஃபிரெஸ்னோ நகரில் அப்படி ஒரு கல்லூரி தொடங்கியது.

பெரியவர்கள் இந்தக் கல்லூரிகளுக்குப் பெருமளவில் வந்தது இரண்டாம் உலகப்போரை ஒட்டித்தான். பள்ளியைப் பாதியில் விட்டுப் படையில் சேர்ந்தவர்களுக்காக 1942-இல் ஜி.இ.டி. என்னும் பள்ளி நிறைவுக்கு இணையான தேர்வு உருவானது. 1944-ஆம் ஆண்டின் ஜி.ஐ. சட்டம் போர்வீரர்களின் கல்விச் செலவை ஏற்றது. 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் அறிக்கை, ‘ஜூனியர் கல்லூரி’ என்ற பெயருக்குப் பதிலாக ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரைப் பரவச் செய்தது.

கல்லூரி வளாகத்துக்குள் ஒரு பள்ளி

1971-இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், தொழிற்சாலைகள் நிறைந்த லாங் ஐலண்ட் சிட்டியில், லகார்டியா சமுதாயக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே ஜேனட் லீபர்மன் என்ற கல்வியாளர் முன்வைத்த யோசனை அன்றைய வழக்கத்துக்கு நேர்மாறானது. பொதுவாகக் கல்லூரிப் பாடத்தை முன்கூட்டியே படிக்கும் வாய்ப்பு முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும். லீபர்மன் தேர்ந்தெடுத்ததோ படிப்பை விட்டுவிடக்கூடிய நிலையில் இருந்த பிள்ளைகளை. அவர்களுக்காக 1974-இல் கல்லூரி வளாகத்திலேயே ‘மிடில் காலேஜ்’ உயர்நிலைப் பள்ளி தொடங்கியது.

கண்டிப்பைக் கூட்டுவதால் இத்தகைய பிள்ளைகளைத் தக்கவைக்க முடியாது. தம்மைவிடச் சற்று மூத்தவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும் என்பதே இதன் அடிப்படை. பள்ளி சிறியது. மாணவர்கள் வெளியிடங்களில் வேலைப் பயிற்சிக்கும் அனுப்பப்பட்டனர். 1985-இல் இதே வளாகத்தில், நாட்டுக்குப் புதிதாக வந்து ஆங்கிலம் அதிகம் அறியாத பதின்வயதினருக்கு ‘இன்டர்நேஷனல்’ உயர்நிலைப் பள்ளியும் தோன்றியது.

அதே 1985-இல் மினசோட்டா மாநிலம் வேறொரு வழியைக் கண்டது. பள்ளி மாணவர் கல்லூரியில் பாடம் எடுத்துப் படிக்கலாம். அது பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் சேரும். கட்டணத்தை மாணவர் தரவேண்டியதில்லை. இதை இரட்டைச் சேர்க்கை என்கிறார்கள். மாணவரோடு அரசு நிதியின் ஒரு பகுதியும் கல்லூரிக்குப் போய்விடும் என்பதால் பள்ளி நிர்வாகங்களுக்கு இது உவப்பாக இருக்கவில்லை. 1990-இல் வாஷிங்டன் மாநிலம் ‘ரன்னிங் ஸ்டார்ட்’ என்ற பெயரில் இதைப் பின்பற்றியது.

2002-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியோடு ‘ஏர்லி காலேஜ்’ பள்ளிகள் நாடெங்கும் பரவின. இவை உண்மையில் பயன் தந்தனவா என்ற கேள்விக்கு 2013-இல் வெளியான ஓர் ஆய்வு ஓரளவு விடை தருகிறது. பத்துப் பள்ளிகளில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஒப்பிடப்பட்டனர். ஆய்வுக் காலத்தில் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் முதல் பிரிவில் 22 சதவீதம். மற்றதில் 2 சதவீதம். குலுக்கல் என்பதால், ஆர்வமுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் மட்டும் சேர்ந்ததால் வந்த வித்தியாசம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

வேலைக்குப் பிறகு வருபவர்கள்

பெரியவர்களின் சிக்கல் வேறு. எழுத்து, கணக்கு, ஆங்கிலம் ஆகியவற்றில் அடிப்படை வகுப்பை முடித்தால்தான் தொழில் வகுப்பு என்று காக்கவைத்தால், பலர் இடையிலேயே நின்றுவிடுகிறார்கள். வாஷிங்டன் மாநிலக் கல்லூரிகள் 2004 வாக்கில் ‘ஐ-பெஸ்ட்’ என்ற முறையைச் சோதித்தன. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் தொழிலைக் கற்றுத்தருவார், மற்றவர் அதற்கு வேண்டிய மொழியையும் கணக்கையும் கற்றுத்தருவார். இரட்டைச் சம்பளம் என்பதால் செலவு அதிகம். டென்னசி மாநிலமோ கட்டணத்திலேயே கைவைத்தது. பள்ளி முடிப்பவர்களுக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணத்தை நீக்கும் திட்டத்தை 2014-இல் சட்டமாக்கி, 2018-இல் பட்டம் இல்லாத பெரியவர்களுக்கும் அதை நீட்டித்தது.

ஜோலியட்டில் கிடைத்த உறுதிதான் இன்றும் பலருக்குக் கிடைப்பதில்லை. படித்து முடித்த ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் எனப்படும் அலகுகள் உண்டு; கல்லூரி மாறும்போது புதிய கல்லூரி அவற்றை ஏற்கவேண்டும். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீதக் கிரெடிட்களை இழந்ததாக அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. எல்லா வகைக் கல்லூரிகளையும் சேர்த்த கணக்கு இது. பகலில் வேலை பார்த்து இரவில் படித்த ஒருவருக்கு இதன் பொருள், அதே பாடத்துக்கு மறுபடியும் பணமும் மறுபடியும் ஓராண்டும்.

இந்தியாவில் இந்த எண்ணம் முதலில் வேரூன்றியது தமிழ் நிலத்தில்தான். 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை மயிலைக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. படிப்பை இடையில் நிறுத்தியவர்களுக்கு வாழ்க்கைத்திறனும் வேலைத்திறனும் கற்றுத்தந்து, உள்ளூர் நிறுவனங்களில் பயிற்சிக்கு அனுப்பும் முறை இங்கே முதன்மை பெற்றது. அமெரிக்கக் கல்லூரிகளின் மற்றொரு பாதி, அதாவது பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு நேராகப் போகும் வழி, அந்த அளவுக்கு இங்கே வளரவில்லை.