தொழில் வரி எங்கே சென்றது?

பம்பாயில் மாதச் சம்பளம் வாங்கிய நம்மவர், சம்பளச் சீட்டிலே தொழில் வரி என்றொரு சிறு பிடித்தத்தைக் கண்டிருப்பர். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வரி அது. அரசியல் சட்டப்படி அந்நாளில் ஆண்டுக்கு 250 ரூபாயைத் தாண்டக் கூடாதது. அந்தச் சில்லறை எங்கே சென்றது என்று நம்மில் வினவியோர் சிலரே. அதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. நான்காம் ஐந்தாண்டுத் திட்டம் தள்ளிப் போயிற்று. அரசின் முதலீடு சுருங்கவே, இயந்திரத் தொழிற்சாலைகள் சோர்ந்தன. பொறியியல் கற்றவரும் வேலையின்றி நின்றனர். முன்னரே நிலைமை நன்றாக இருந்ததில்லை. மூன்றாம் திட்டம் தொடங்கியபோது வேலையற்றோர் சுமார் 90 லட்சம் என்றும், ஐந்தாண்டுகளில் புதிதாக வேலை தேடுவோர் 170 லட்சம் என்றும் திட்டக் குழு மதிப்பிட்டது. அது வைத்த இலக்கோ 140 லட்சம் வேலைகள். கணக்கிலேயே பள்ளம்!

மதிப்புக் குறைந்த அதே மாதம் பம்பாயில் சிவசேனை தோன்றியது. அலுவலகங்களில் தட்டெழுத்தும் கணக்கும் பார்த்த தென்னாட்டார் மண்ணின் மைந்தரது வேலையைப் பறித்தனர் என்பது அதன் குற்றச்சாட்டு. பிறந்த இடத்தைக் காட்டி அரசு வேலையை மறுக்கலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு. தனியார் அலுவலக நாற்காலிக்கு அந்தக் காப்பு இல்லை. மராத்தி இளைஞனின் வேலையின்மை மெய்யே. அதற்குக் காரணம் மாட்டுங்காவிலே குடியிருந்த தமிழ் எழுத்தர் என்பதைத்தான் நாம் ஒப்புவதற்கில்லை.

பின்னர் 1970 முதல் 1973 வரை மகாராஷ்டிரத்தைக் கொடிய வறட்சி வாட்டியது. 1973 மே மாதத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் நிவாரண வேலைகளில் கல்லுடைத்தும் மண் சுமந்தும் கூலி பெற்றனர். அவர்களில் பெண்கள் மிகப் பலர். அவ்வேளையில் மேலவைத் தலைவராயிருந்த வி. ச. பாகே முன்வைத்த வேலை உறுதித் திட்டம் மாநிலமெங்கும் வந்தது. 1977இல் சட்டமாகி, 1979 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. கேட்ட 15 நாட்களுக்குள் வேலை தரவேண்டும்; தவறினால் படி தரவேண்டும். சலுகையாக இருந்தது உரிமையாயிற்று. கசிவுநீர்க் குளங்களும் வரப்புகளும் சாலைகளும் எழுந்தன.

இதற்குப் பணம்? அந்தத் தொழில் வரிதான்! வசூலான தொகைக்கு ஈடாக அரசும் தன் பங்கைச் சேர்த்தது. பறித்தார் எனப்பட்ட தென்னாட்டாரும், குஜராத்தியரும், மராத்தியரும் ஒரே பட்டியலில் நின்று மராத்வாடாவின் உழவனுக்குக் கூலி கொடுத்தனர். ஆயினும் பம்பாய் நகரத்து வேலையற்றவனுக்கு அதில் இடமில்லை. திட்டத்தின் பெருங்குறை இதுவே.

2005இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இதனையே முன்மாதிரியாகக் கொண்டது. குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை என்று வகுத்த அச்சட்டம், 2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திரத்தின் அனந்தப்பூரில் தொடங்கிவைக்கப்பட்டது. அங்கும் நகரம் சேர்க்கப்படவில்லை.