அடுப்புப் புகையை மறவாத அறிஞர்

யூபிலி ஆண்டில் நாம் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்க்கிறோம். பிழைப்புத் தேடி அயல்நாடு சென்ற நம் பங்குப் பிள்ளைகளும் நம் நினைவில் எழுகின்றனர். அவர்கள் பொருட்டு, கடல் கடந்த தமிழர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு வரைகின்றோம்.

வீரபத்ரன் ராமநாதன் 1944-இல் தமிழகத்தில் பிறந்தவர். தமிழில் பயின்ற அவர் 11 வயதில் பெங்களூர் சென்றபோது, ஆங்கில வழிப் பாடம் விளங்காமல் வகுப்பில் பின்தங்கினார். ஆகவே தாமே சிந்தித்து விடை காணப் பழகினார். குறையே வரமாயிற்று! அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றபின், செகந்திராபாத்தில் குளிர்பதனத் தொழிலில் அமர்ந்தார். இயந்திரங்களிலிருந்து குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று ஆராய்வதே அவரது வேலை.

1970-இல் அமெரிக்கா சென்றார். அந்நாட்டுப் பெரிய மோட்டார் கார் ஒன்றை ஓட்டும் ஆசையும் தமக்கு இருந்ததென அவரே கூறியதுண்டு. ஆனால் அவர் பெயர் நிலைத்தது காரினால் அன்று. செகந்திராபாத்தில் கசிந்த குளோரோ புளோரோ கார்பன் வகை வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் 10,000 மூலக்கூறுகளுக்கு ஒப்பாகப் பூமியைச் சூடேற்றும் என்று 1975-இல் உலகிற்கு அறிவித்தார்.

1999-இல் இந்தியப் பெருங்கடல் மீது பன்னாட்டு அறிஞர்களோடு ஆராய்ந்தபோது, பழுப்பு நிறப் புகைமண்டலம் பரந்து கிடப்பதைக் கண்டார். வாகனப் புகையோடு, விறகும் வறட்டியும் எரியும் அடுப்புகளின் கரியும் அதில் கலந்திருந்தது. சிறுவயதில் கண்ட பாட்டியின் அடுப்படியும் இருமலும் அவர் நினைவில் இருந்தன. எனவே 'சூரியா' என்னும் திட்டத்தின் வழியே, உத்தரப்பிரதேசக் கிராம வீடுகளுக்குப் புகை குறைந்த அடுப்புகளைக் கொண்டு சேர்த்தார்.

கத்தோலிக்கர் அல்லாத இவரை 2004-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பிறை அறிவியல் கழகத்தில் உறுப்பினராக்கினார். 2014-இல் வத்திக்கானில், வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் திருத்தந்தை பிரான்சிசைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியது. செல்வர் நூறு கோடிப் பேர் விளைவிக்கும் கேட்டை ஏழைகள் முந்நூறு கோடிப் பேர் சுமக்க நேரிடும் என்பதே அச்சில நொடிகளில் அவர் தெரிவித்த செய்தி. மறு ஆண்டே, 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பூமியின் ஓலமும் ஏழைகளின் ஓலமும் ஒன்றே எனத் திருத்தந்தை உணர்த்தினார்.

வீடு மந்திரிக்கச் செல்கையில், விறகடுப்பின் முன் இருமும் மூதாட்டியரை நாமும் கண்டிருக்கிறோம். தீர்த்தம் தெளித்துத் திரும்பினோமேயன்றி, அப்புகையைப் பற்றி எண்ணினோமில்லை. கடல் கடந்து சென்றவர் மறவாததை, உள்ளூரில் இருக்கும் நாம் மறக்கலாமா? அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளும் பிறந்த வீட்டின் அடுப்படியை நெஞ்சில் சுமந்து உயர்வார்களாக.