தூதரா, தலைவரா?

ஊருக்கு உழைக்கக் குழு அமைப்பது எளிது. பத்துப் பேர் கூடினால் ஒரு குழு. பத்துத் தெரு சேர்ந்தால் பத்துக் குழு. ஆனால், குழுவுக்கும் குழுவுக்கும் இடையே சென்று வருபவர் யார், அவரை அனுப்பியவர் யார், திரும்பி வந்து அவர் யாரிடம் கணக்குச் சொல்கிறார் என்ற கேள்வியைக் கேட்போர் சிலரே. சிறு கேள்விதானே என்று சிரிப்போருக்கு நாம் பாரிசு நகரைச் சுட்டிக் காட்டுவோம். 1789 முதல் 1795 வரை அந்தக் கேள்விக்கு விடை மாற மாற, அந்நகரின் விதியே மாறிற்று. முடியும் சாய்ந்தது, குடியும் நைந்தது.

பாஸ்டில் சிறை தகர்ந்த கதையை நாம் படித்திருக்கிறோம், படித்துப் பூரித்திருக்கிறோம். தகர்த்த கரங்களைக் கூட்டிவைத்த மன்றங்களின் கதையைப் படித்தோர் எத்தனை பேர்? பதினாறாம் லூயி மன்னன் கூட்டிய மூன்று வகுப்பார் பேரவைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்காக, 1789 ஏப்ரல் திங்களில் பாரிசு 60 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. தேர்தல் முடிந்ததும் கலைந்துவிட வேண்டியவை அவை. மக்கள் கலையவில்லை, கூடிக் கொண்டேயிருந்தனர். மாதா கோயில்களே பெரும்பாலும் கூடுமிடங்களாயின. வானுலக வாழ்வு பற்றி உபதேசம் நடந்த இடத்திலே ரொட்டியின் விலை பற்றி விவாதம் நடந்தது!

வட்டாரங்கள் தனித்தனியே பேசினால் போதுமா? நகர மன்றத்திலே அவற்றின் குரல் ஒன்றுசேர வேண்டுமல்லவா? ஜூலைத் திங்களில், வட்டாரத்துக்கு இருவராக 120 பேர் அனுப்பப்பட்டனர். செப்டம்பரில் ஐவராக உயர்த்தி 300 பேர் ஆயினர். போனவர்கள் போன இடத்திலே அமர்ந்தனர். அமர்ந்தவர்கள் ஆளத் தொடங்கினர். "எங்களை அனுப்பிய வட்டாரத்துக்கு மட்டுமா நாங்கள் சொந்தம்? நகர் முழுவதுக்கும் நாங்களே பேராளர்" என்பது அவர்கள் வாதம்.

கார்டிலியர் வட்டாரம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. டாண்டன் தலைமை வகித்த வட்டாரம் அது. 1789 நவம்பரில் அவ்வட்டாரம் தன் பேராளர்களை அழைத்து ஓர் உறுதிமொழி கேட்டது: வட்டாரத்தின் கட்டளைப்படி நடப்போம், வட்டாரம் விரும்பினால் எங்களைத் திருப்பி அழைத்துக் கொள்ளலாம் என்று உறுதி கூறுக! மறுத்தவர்கள் விலகினர். வட்டாரம் புதியவர்களை அனுப்பிற்று. நகரப் பேராளர் சபை புதியவர்களை ஏற்காமல் பழையவர்களின் பக்கம் நின்றது. வழக்கு தேசிய சபை வரை சென்றது. தூது சென்றவர் தூதர்தானா, தலைவரா? அந்தக் கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

சட்டம் செய்தோர் சும்மா இருப்பார்களா? 1790 மே 21ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் 60 வட்டாரங்களைக் கலைத்தது. 48 வட்டங்களை வகுத்தது. வட்டந்தோறும் 16 பேர் கொண்ட ஒரு குழு. ஊதியம் கிடையாது. நகராண்மையின் கட்டளைகள் தத்தம் வட்டத்தில் நிறைவேறுகின்றனவா என்று பார்ப்பதும், நிர்வாகம் கேட்கும்போது தகவலும் கருத்தும் தருவதும் அவர்கள் கடமை. நகர் முழுவதும் 768 பேர்; ஊதியமின்றி ஊருக்கு யோசனை கூறும் தொண்டர்கள்!

கேட்பதற்கு இனிக்கிறது. உள்ளே சென்று பார்த்தால் கசக்கிறது. வட்டத்தில் வாக்களிக்கலாம், யார்? 25 வயது நிரம்பிய ஆடவர். அவர்களிலும் மூன்று நாள் கூலிக்கு ஈடான நேர்முக வரி கட்டுவோர். வீட்டு வேலைக்காரருக்கு இடமில்லை. பெண்களுக்கு அறவே இடமில்லை. வட்டம் எப்போது கூடலாம்? நினைத்தபோது கூட முடியாது. வாக்குரிமை பெற்ற 50 பேர் கோர வேண்டும். 48 வட்டங்களும் ஒரே பொருள் பற்றிக் கூடிப் பேச வேண்டுமா? 8 வட்டங்கள் கேட்டாக வேண்டும். ஒரு வட்டத்தின் தீர்மானத்தை இன்னொரு வட்டத்துக்கு எடுத்துச் செல்ல ஆளில்லாவிட்டால் எட்டு வட்டங்கள் ஒருமனப்படுவது எங்ஙனம்? கதவு இருந்தது, கதவுக்குச் செல்லும் வழிதான் இல்லை.

வழியை மக்களே போட்டனர். ஒரு வட்டம் தீர்மானம் செய்யும், அதை ஏந்திக்கொண்டு அதன் தூதர்கள் அடுத்த வட்டத்துக்குச் செல்வர், அங்கே படிப்பர், அங்குள்ளோர் கூறியதைக் கேட்டுத் திரும்புவர். 1792 ஜூலையில் இந்த வழக்கத்துக்கு நிலையான ஓரிடம் கிடைத்தது. 48 வட்டங்களுக்கும் பொதுவான தொடர்பு அலுவலகம் நகராண்மை மாளிகையிலேயே அமைந்தது. வட்டந்தோறும் ஓர் இணைப்பாளர். அவரவர் வட்டத்தின் தீர்மானம் அங்கே வரும், மற்ற வட்டங்களின் தீர்மானம் அங்கிருந்து செல்லும். அதே திங்கள் 25ஆம் நாள், வட்டங்கள் இடையறாது கூடும் உரிமையும் பெற்றன. வரி கட்ட வகையற்ற ஏழைகளையும் சில வட்டங்கள் உள்ளே அழைத்துக் கொண்டன.

விளைவு என்ன? நகர் ஒரே குரலிற் பேசிற்று. ஆகஸ்டு 3ஆம் நாள், மன்னனை நீக்குக என்ற கோரிக்கையை, 47 வட்டங்களின் சார்பிலே, நகரத் தலைவர் பெத்தியோன் சட்டசபையின் முன் வைத்தார். சட்டசபை தயங்கிற்று. 9ஆம் நாள் இரவு வட்டங்கள் மும்மூன்று பேரை நகராண்மை மாளிகைக்கு அனுப்பின. இம்முறை அவர்கள் கையில் தீர்மானம் இல்லை. முழு அதிகாரம் இருந்தது. அவர்கள் பழைய நகர மன்றத்தை அகற்றிவிட்டுத் தாமே நகர மன்றமாயினர். 10ஆம் நாள் துய்லரி அரண்மனை வீழ்ந்தது. செப்டம்பர் 21ஆம் நாள் முடியாட்சியே ஒழிந்தது.

மன்னராட்சி மடிந்ததற்காக நாம் கண்ணீர் வடிக்க மாட்டோம். ஆயினும், வரலாறு படிப்பவர் பாதி ஏட்டைப் புரட்டிவிட்டு மூடிவைக்கக் கூடாது. முழு அதிகாரம் தந்தவர்கள் அதற்கு எல்லை குறித்தார்களா? நாள் குறித்தார்களா? செப்டம்பர் முதல் வாரத்திலே பாரிசுச் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொலையுண்டனர். நகர மன்றத்தின் கண்காணிப்புக் குழு, அக்கொலைகளை நியாயப்படுத்திப் பிற பகுதிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. எந்த வட்டத்து மக்கள் கூடி அதற்கு ஒப்புதல் தந்தனர்? தூதர் தலைவராகி, தலைவர் கணக்குச் சொல்ல மறந்தால் வரும் கேடு அது.

அந்தக் கேட்டுக்கு மருந்து, தூதரை மக்களுக்குக் கட்டுப்படுத்துவது. ஆட்சியாளர் தேடிய மருந்தோ வேறு. 1793 செப்டம்பரில், வட்டக் கூட்டங்கள் வாரத்துக்கு இரண்டே என்று பேரவை வரையறுத்தது. ஏழைகள் வருவதற்கு நாற்பது சூ படி என்ற சர்க்கரையும் தடவிற்று. டிசம்பர் 4ஆம் நாள் சட்டம், சங்கங்கள் தமக்குள் இணைந்து நடத்தும் மையக் கூட்டங்களைத் தடை செய்தது. வட்டந்தோறும் அமைந்த கண்காணிப்புக் குழுக்கள், சந்தேகத்துக்கு ஆளானோரைப் பற்றி மேலே அறிக்கை அனுப்பின. 1794இல் வட்டக் குழுவினருக்கு ஊதியமும் வந்தது. அக்கம்பக்கம் ஓடிய நூல் அறுந்தது; கீழிருந்து மேலே செல்லும் கயிறு ஒன்றே மிஞ்சிற்று. மக்களின் வாயாகப் பிறந்த குழுக்கள் ஆட்சியின் காதாக மாறின.

கயிறு பிடித்தவர்களைக் கயிறு காப்பாற்றிற்றா? 1794 ஜூலை 27ஆம் நாள் ரோபஸ்பியர் வீழ்ந்த இரவு. வட்டங்களே வருக என்று நகர மன்றம் அழைத்தது. வராதீர் என்று பேரவை ஆணையிட்டது. சில வட்டங்கள் ஆளும் பீரங்கியும் அனுப்பின. சில பேரவைக்கு விசுவாசம் தெரிவித்தன. சில இரண்டையும் செய்தன. பக்கத்து வட்டம் என்ன நினைக்கிறது என்று கேட்டுவரப் பழைய இணைப்பு இல்லை. நள்ளிரவு கழிந்தபோது மாளிகையின் முன்னிருந்த திடல் வெறிச்சோடிக் கிடந்தது. மறுநாள் ரோபஸ்பியரின் தலை வெட்டுண்டது. 1795 அக்டோபரில் 48 வட்டங்களின் கதையும் முடிந்தது. நகர் 12 பகுதிகளாகக் கூறு போடப்பட்டது. அதன்பின், 1848இலும் 1870-71இலும் சிறிது காலம் தவிர, 1977 வரையில் பாரிசுக்கு நகரத் தலைவரே இல்லை!

2002இல் பிரான்சு ஒரு சட்டம் செய்தது: 80,000 பேருக்கு மேற்பட்ட நகரங்களில் குடியிருப்புப் பகுதி மன்றங்கள் அமைக்கப்பட வேண்டும் என்று. யோசனை கூறும் மன்றங்கள் அவை. இருநூறு ஆண்டு கடந்து வட்டம் மீண்டும் வந்தது; வட்டத்தோடு பழைய கேள்வியும் வந்தது.

தோழர்களே! கூட்டம் கூட்டும் ஆற்றல் இளைஞரிடம் உண்டு. குழு அமைக்கும் ஆர்வமும் உண்டு. குழுக்களை இணைக்க ஆள் நியமிக்கும் நாளில் பாரிசை நினைவில் வையுங்கள். இணைப்பாளரை மேலிருப்பவர் பொறுக்கக் கூடாது. குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் கையில் குழுவின் தீர்மானம் எழுத்தில் இருக்க வேண்டும். பிற குழுவில் கேட்டதை ஒளிக்காமல் வந்து சொல்ல வேண்டும். தவணை முடிந்தால் அவர் இடத்தில் மற்றொருவர். தவறினால் தவணைக்கு முன்பே மற்றொருவர். பெண்களும் கூலி உழைப்பாளரும் அந்தப் பொறுப்புக்கு வர வேண்டும். வெளியே நிறுத்தப்பட்டவரின் குறையை உள்ளே இருப்பவர் ஒருநாளும் முழுமையாகச் சுமந்து செல்வதில்லை.

கார்டிலியர் வட்டாரத்து மக்கள் தம் பேராளரிடம் கேட்டதை நாமும் கேட்போம்: ஐயா, நீங்கள் எங்கள் தூதரா, தலைவரா? கேட்பதற்குக் கூசாத மக்கள் இருக்கும் வரையில்தான் குழு மக்களுக்குச் சொந்தம்.